இரண்டு கிட்ஹப் கணக்கு, இரண்டு எஸ்எஸ்எச் கீ: தவறான கீயே போகிறது

நீலக்கர்சர்:
லினக்ஸ் லேப்டாப்பில் சொந்த கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) கணக்குக்கு ஒரு எஸ்எஸ்எச் கீ (பாதுகாப்பாக நுழைவதற்கான அடையாளச் சாவி), அலுவலகக் கணக்குக்கு இன்னொன்று, இரண்டுமே ஈடி25519 வகை. எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் ‘கிட்ஹப்-ஆபீஸ்’ என்று ஒரு ஹோஸ்ட் போட்டு ஹோஸ்ட்நேம், யூசர், ஐடென்டிட்டிஃபைல் மூன்றையும் எழுதியாயிற்று. அந்தப் பெயரிலேயே அலுவலக ரெப்போவை (ரெப்பாசிட்டரி, ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்பு) க்ளோன் செய்தாலும், அதாவது நகலெடுத்தாலும், ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்றுதான் வருகிறது. ஏஜென்டில் (கீக்களை நினைவில் வைத்திருந்து எஸ்எஸ்எச்சுக்குத் தரும் நிரல்) சொந்தக் கீ மட்டும் ஏறியிருக்கிறது. எங்கே இடிக்கிறது?

கரையோரன்:
ஏஜென்டில்தான். கிட்ஹப்புக்கு யார் வந்தாலும் யூசர் ‘கிட்’ என்பதே. ஆளை அடையாளம் காண்பது கீயை வைத்து மட்டும். ஐடென்டிட்டிஃபைல் வரி ‘இதையும் முயன்று பார்’ என்கிறதே தவிர ‘இதை மட்டும்’ என்று சொல்வதில்லை. ஏஜென்டில் ஏறிய கீ, ஃபைலில் மட்டும் இருக்கும் கீயை முந்திக்கொள்ளும். அதனால் சொந்தக் கீ முதலில் போகிறது, லாகினும் ஆகிவிடுகிறது, அடுத்த கீக்கு வேலையே இல்லை. அந்தக் கணக்குக்கு உரிமை இல்லாத பிரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டாது. ஆகவேதான் ‘நாட் ஃபவுண்ட்’.

இரண்டு ஹோஸ்ட் பகுதியிலும் ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ சேருங்கள். பிறகு எஸ்எஸ்எச் கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு கிட்@கிட்ஹப்-ஆபீஸ் என்று ஓட்டினால், ‘ஹாய்’ போட்டு எந்தக் கணக்கு என்று காட்டும். ஏஜென்டில் நிறைய கீ வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரி அவசியம்: ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் மேக்ஸ்ஆத்ட்ரைஸ் (ஒரு இணைப்பில் அனுமதிக்கும் லாகின் முயற்சிகளின் வரம்பு) இயல்பாக 6. சரியான கீயின் முறை வருவதற்குள் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

பாஷ்பிரியன்:
அதன்பிறகும் மாறாவிட்டால் எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொருந்தும் ‘ஹோஸ்ட் *’ பகுதியைப் பாருங்கள். கான்ஃபிக்கில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் பொருந்தும் மதிப்பே நிற்கும். ஐடென்டிட்டிஃபைல் விதிவிலக்கு, பொருந்தும் எல்லா இடத்திலிருந்தும் சேர்ந்துகொண்டே போகும். நட்சத்திரத்துக்குக் கீழே சொந்தக் கீ எழுதியிருந்தால், ஐடென்டிட்டீஸ்ஒன்லி அதைத் தடுக்காது. பெரிய ஜி ஆப்ஷன், இணைக்காமலேயே இறுதி கான்ஃபிக்கைக் காட்டும். சிறிய வி ஆப்ஷனில் ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ வரிகளின் வரிசை தெரியும். ஊகிப்பதை விட இந்த இரண்டையும் ஓட்டுவது மேல்.

உள்கிளை:
சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போ) இருந்தால் அங்கே திரும்பவும் மாட்டுவீர்கள். கிட்மாட்யூல்ஸ் ஃபைலில் முகவரி கிட்ஹப்.காம் என்றே இருக்கும்; அதைத் திருத்தினால் குழுவில் மற்றவர்களுக்கு உடையும். குளோபல் கிட்கான்ஃபிக்கில் ‘இன்ஸ்டெட்ஆஃப்’ எழுதுங்கள்: கிட்@கிட்ஹப்.காம், முக்காற்புள்ளி, நிறுவனத்தின் பெயர், சாய்கோடு என்று தொடங்கும் முகவரி எல்லாம் கிட்@கிட்ஹப்-ஆபீஸ் என்று மாறும்படி. எச்டிடிபிஎஸ் வடிவத்துக்கும் இன்னொரு வரி. பழைய ரெப்போக்களில் ரிமோட் முகவரியை மாற்ற வேண்டியதும் இல்லை.

கீ சரியானாலும் கமிட்டில் (சேமிக்கும் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும்) பதியும் மின்னஞ்சல் வேறு விஷயம். அதை கீ தீர்மானிப்பதில்லை. கிட் நிரலின் 2.13 பதிப்பு முதல் உள்ள, ஃபோல்டரைப் பார்த்துத் தனி கான்ஃபிக்கைச் சேர்க்கும் ‘இன்க்ளூட்இஃப் கிட்டிர்’ கொண்டு அலுவலக ஃபோல்டருக்குத் தனி யூசர்.ஈமெயில் வையுங்கள். பாதையின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போனால் உள்ளே இருக்கும் ரெப்போ எதற்கும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது.