குளியலறைச் சுவருக்குக் கலவையா, பசையா?

*குழு: தாத்தா வீட்டு உறவுகள்*

மீனா: மாமா, நாளை மறுநாள் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். மேஸ்திரி சிமெண்ட் கலவையே போதும் என்கிறார், கடைக்காரர் பசை வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சுந்தரம் மாமா: என்ன டைல்ஸ்? என்ன அளவு?

மீனா: விட்ரிஃபைட். இரண்டுக்கு நான்கு அடி.

சுந்தரம் மாமா: அப்படியானால் பசைதான் அம்மா. செராமிக் என்றால் அதன் முதுகு தண்ணீரை உறிஞ்சும், சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. கலவை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பிள்ளைகள் குளிக்கிற இடம், அவ்வளவு கனம் மேலேயிருந்து விழக்கூடாது.

கார்த்தி: அக்கா, ஒரு டைல்ஸைத் திருப்பிப் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

மீனா: விட்டேன் தம்பி. வெகுநேரமாக முத்து முத்தாக அப்படியே நிற்கிறது!

வசந்தா அத்தை: எங்கள் வீட்டில் எல்லாம் கலவையில் ஒட்டியதுதான். இன்றுவரை ஒன்றும் விழவில்லையே?

சுந்தரம் மாமா: அது சின்ன செராமிக், அக்கா. தொட்டியில் ஊறப்போட்டு ஒட்டியது. அதற்கு இன்றைக்கும் கலவை தாராளமாகப் போதும்.

மீனா, பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்று இருக்கிறதா பார், டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் அது. அதில் டைப் 1 வேண்டாம், அது தண்ணீர் உறிஞ்சும் செராமிக் மாதிரி டைல்ஸுக்கு. டைல்ஸை ஊறப்போட விடாதே. முதுகில் வெள்ளைப் பொடி இருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அப்புவார்கள், சம்மதிக்காதே. இடையில் காலி விழும், தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பசையோடு சிமெண்ட் கலந்தால் வேலையை நிறுத்து.

மீனா: மூட்டை எத்தனை மாமா? சுவர் 200 சதுர அடி.

சுந்தரம் மாமா: 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். ஐந்தாக வாங்கு. ஆனால் சுவர் நேராக இருக்கிறதா? கலவையை அரை அங்குலத்துக்கு மேல் வைப்பதால் கோணல் மறைந்துவிடும். பசை 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்.

மீனா: பார்த்துவிட்டார் மாமா. ஜன்னல் பக்கம் அரை அங்குலம் உள்வாங்கியிருக்கிறதாம்.

சுந்தரம் மாமா: அப்படியானால் நாளை மறுநாள் ஒட்ட வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பூசி நேராக்கி, தண்ணீர் விட்டு ஆற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பிக்கட்டும்.

மீனா: சரி மாமா, மேஸ்திரியிடம் இப்போதே சொல்கிறேன்.