காந்தேரி தீவருகே இரவு நங்கூரம் போட்டுத் தங்கலாமா?

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது 22 அடி பாய்மரப் படகு, நான், மனைவி, எட்டு வயது மகள். போன பௌர்ணமிக்கு எலிஃபென்டா தீவுப் பக்கம் தங்கினோம். அன்று கடல் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது, நான் வற்றத்தின் ஆழத்தை வைத்துக் கயிறு விட்டிருந்ததால் நள்ளிரவு ஏற்றத்தில் நங்கூரம் சேற்றில் பிடி விட்டுப் படகு நகர ஆரம்பித்துவிட்டது, மகள் பயந்து அழுதது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இப்போது ஏற்றத்தின் ஆழத்துக்கு ஏழு மடங்கு விடுகிறேன்.

சரி, அடுத்து அலிபாக் பக்கம் காந்தேரி போக ஆசை, கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் மகளுக்குக் காட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று வலுக்கும்போது தீவின் எந்தப் பக்கம் மறைவு கிடைக்கும்? அடியில் பாறையா, சேறா? இல்லை, கரையோர மாண்ட்வா படகுத்துறைப் பக்கம் தங்கிவிட்டுக் காலையில் போய்வருவதுதான் நல்லதா? போய்வந்தவர்கள், அந்தப் பக்கத்து கோலி மீனவர்களோடு பழக்கமுள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள், மழைக்காலத்துக்கு முன் போயாக வேண்டும்.