கச்சான் காற்றுக்கு எதிரே கோல்ஃப் பந்தை எப்படி அடிப்பது?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் பணியாற்றிய காலத்தில் கோல்ஃப் பழகத் தொடங்கிய நான், ஊருக்குத் திரும்பிய பின்பும் அதனை விட மனமில்லாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது திருகோணமலை சீனக்குடாவில் உள்ள விமானப்படையின் மைதானத்துக்குச் சென்று விளையாடி வருகிறேன். மற்ற நாட்களில், பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து தரிசாகக் கிடக்கும் படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரைப் பக்கம்) உள்ள எங்கள் மாமாவின் மானாவாரி வட்டையில் (வயல்வெளியில்) அயன் மட்டைகளை (எண் கூடக்கூடத் தூரம் குறையும் உலோக மட்டைகளை) கொண்டு பயிற்சி செய்கிறேன்.

வைகாசி பிறந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எடுத்துவிட்டால் என் ஆட்டம் முழுவதும் குலைந்துவிடுகிறது. காற்றில்லாத காலைப் பொழுதில் என்னுடைய 7 அயன் 140 யார் (கெஜம்) வரை பந்தைக் கொண்டு செல்கிறது. அதே மட்டையால் மேற்குப் பக்கம் பார்த்துக் கச்சானுக்கு எதிரே அடித்தால், பந்து புறப்பட்ட சற்று நேரத்திலேயே வளைந்து மேலே ஏறி, அங்கே நின்றுவிட்டதைப் போலத் தோன்றி, பின்பு ஏறத்தாழ நேர்கீழாக விழுகிறது. தூரம் குறைகிறதே என்று பலத்தைக் கூட்டினால் இன்னும் உயரமாக ஏறி இன்னும் குறைந்த தூரத்தில் விழுகிறது. ட்ரைவரால் (மிகக் கூடிய தூரம் அடிக்கும் மட்டையால்) அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைவதும் எதிர்க்காற்றில் மிக மோசமாகிறது.

இது ஏன் நிகழ்கிறது என்பதையும், வீச்சில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ட்ரைவருக்கு டீயை (பந்தைத் தாங்கும் சிறு முளையை) தாழ்த்த வேண்டும் என்று சிலரும் தாழ்த்தவே கூடாது என்று சிலரும் சொல்வதால், அதைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

கல்முனை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நான் கோல்ஃப் விளையாடுபவன் அல்லன்; உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். ஆகவே 'ஏன்' என்ற பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பந்து தரைக்குச் சார்பாக எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பது காற்றுக்குப் பொருட்டல்ல; தனக்குச் சார்பாகப் பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே அதற்குப் பொருட்டு. உங்கள் பந்து மணிக்கு 170 கிலோமீற்றர் வேகத்தில் மட்டையை விட்டுப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், சார்பு வேகம் 200 ஆகிறது. பந்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் அதனை மேலே தூக்கும் விசையும் ஏறத்தாழ இந்த வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகக் கூடுபவை ஆதலால், வேகத்தில் 18 வீதமளவான அதிகரிப்பு, விசைகளில் 38 வீதமளவான அதிகரிப்பாக மாறிவிடுகிறது.

மேலே தூக்கும் விசை பந்தின் பின்சுழற்சியிலிருந்து பிறக்கிறது. பின்னோக்கிச் சுழன்றபடி முன்னேறும் பந்து, தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; அதன் எதிர்விசை பந்தை மேலே தள்ளுகிறது. மக்னசு விளைவு என்று பாடநூல்கள் கூறுவது இதனையே. கோல்ஃப் பந்தின் திணிவு 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவ்வளவு இலேசான பொருளின் எடையை, அயன் மட்டை தரும் சுழற்சியும் எதிர்க்காற்றும் சேர்ந்து எளிதில் வென்றுவிடுகின்றன. எடையைவிடத் தூக்குவிசை மிஞ்சியிருக்கும் வரை, பந்தின் பாதை மேல்நோக்கியே வளையும். அதற்குள் இழுவை விசை முன்னோக்கிய வேகத்தைத் தின்றுவிடுவதால், எஞ்சியிருப்பது விழுகை மட்டுமே.

பலத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாவதற்கும் காரணம் இதுவே. மட்டையின் வேகம் கூடக்கூடச் சுழற்சியும் கூடுகிறது. பந்து இன்னும் உயரத்துக்குச் செல்கிறது. தரையின் உராய்வு குறைந்த அந்த உயரத்தில் காற்றும் இன்னும் பலமாக வீசுகிறது. கச்சான் காலத்தில் நீர்க்காகங்கள் காற்றுக்கு எதிரே பறக்கும்போது வாவியின் நீர்மட்டத்தை ஒட்டியே பறப்பதைக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும்.

அக்கரைப்பற்று வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற வகையில், வீச்சைப் பற்றி எழுதுகிறேன். அங்கே ஷமால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து கவனித்து, நானும் அவ்வாறே பழகினேன்.

தம்பி முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, எதிர்க்காற்றில் பலத்தால் எதையும் பெற முடியாது என்பதே. பெரிய மட்டையை, அதாவது எண் குறைந்த, கூடிய தூரம் அடிக்கும் மட்டையை எடுத்து மெதுவாக அடியுங்கள். தொழில்முறை வீரர்களிடம் ராடார் கருவிகளால் அளந்த சராசரிகளைப் பார்த்தால், பிட்சிங் வெட்ஜால் (குறுந்தூரத்துக்கு உயரமாக அடிக்கும் மட்டையால்) அடித்த பந்து நிமிடத்துக்கு 9,300 தடவையளவும், 7 அயனால் அடித்தது 7,100 தடவையளவும், 5 அயனால் அடித்தது 5,300 தடவையளவும் சுழல்கிறது. ஆகவே 7 அயனுக்குப் பதிலாக 5 அயனை எடுப்பதன் மூலமே சுழற்சியில் பெரும் பகுதியைக் குறைத்துவிடுகிறீர்கள். அதையும் முக்கால் வீச்சில் அடித்தால் இன்னும் குறைகிறது.

எத்தனை மட்டை கூட்டுவது என்பதற்கு ஆட்டக்காரர்கள் கைக்கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். எதிர்க்காற்றின் வேகத்தில் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும், அதாவது ஒவ்வொரு 1.6 கிலோமீற்றருக்கும், தூரத்தில் நூற்றுக்கு ஒன்றைக் கூட்ட வேண்டும். பின்காற்றில் அதில் பாதியை மட்டுமே கழிக்க வேண்டும், ஏனெனில் எதிர்க்காற்று பறிக்கும் அளவுக்குப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. இந்தக் கணக்கின்படி, 32 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசும்போது 140 யார் தூரத்தை 168 யார் என்று கருதி விளையாட வேண்டும். மட்டைக்கு மட்டை 10 யார் வித்தியாசம் உள்ளவருக்கு இது ஏறத்தாழ மூன்று மட்டைகள். பலர் ஒரு மட்டையைக் கூட்டிவிட்டு, மீதியைக் கைப்பலத்தால் ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். பந்து மேலே ஏறித் தொங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

நிற்கும் நிலையில் செய்ய வேண்டியவை சிலவே. பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்தின் அகலமளவு பின்காலின் பக்கம் நகர்த்துங்கள். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். அதனால் வீச்சு தானாகவே குறுகி, கட்டுப்பாட்டுக்குள் வரும். உடலின் பாரம் முன்காலில் சற்று அதிகமாக இருக்கட்டும். பந்தைத் தொடும் கணத்தில் கைகள் மட்டைத்தலைக்கு முன்னே இருக்க வேண்டும். அடித்த பின்பு மட்டையைத் தோளுக்கு மேலே சுழற்றி எடுக்காமல், கைகள் நெஞ்சுயரத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நிறுத்துவது என்று முன்பே தீர்மானித்தவரால் வரும் வழியில் மூர்க்கமாக அடிக்க இயலாது என்பதனாலேயே, இதனை எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பந்தைப் பின்னுக்கு நகர்த்தியவுடன், கோடரியால் வெட்டுவது போன்று மேலிருந்து செங்குத்தாக அடிக்கும் ஆசை வரும். அப்படி அடித்தால் பந்து தாழ்வாகப் புறப்பட்டாலும் சுழற்சி குறையாது. பாதி வழியில் மீண்டும் மேலே ஏறும். மட்டை பந்தை நோக்கித் தட்டையாக வந்து, புல்லை மெல்லச் சீவிக்கொண்டு செல்ல வேண்டும்.

1973ஆம் ஆண்டின் பிரித்தானிய ஓபன் கோல்ஃப் போட்டியில், ஸ்கொட்லாந்தின் கடற்கரையோரம் உள்ள ரோயல் ட்ரூன் மைதானத்தின் எட்டாவது துளையில், 71 வயதான அமெரிக்க வீரர் ஜீன் சரசென் ஒரே அடியில் பந்தைத் துளைக்குள் சேர்த்தார். தூரம் 126 யார். அவர் கையில் இருந்தது 5 அயன். இளையவர்கள் வெட்ஜையோ 9 அயனையோ தேடும் தூரம் அது. காற்று வீசும் மைதானத்தில் இவ்வளவு பெரிய மட்டையா என்று கூச்சப்படுபவர்களுக்கு இதனை நான் எப்போதும் சொல்வதுண்டு.

கிரீனை (துளை உள்ள, புல் ஒட்ட வெட்டிய பகுதியை) நோக்கி அடிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். எதிர்க்காற்றில் உயரமாகச் சென்ற பந்து செங்குத்தாக விழுந்து அங்கேயே நிற்கும். தாழ்வாக அடித்த பந்தோ, கச்சானில் காய்ந்து இறுகிய தரையில் வெகுதூரம் உருளும். முன்னால் மணற்குழி இல்லையென்றால், கிரீனுக்கு முன்னரே பந்தை விழவைத்து உருட்டிச் சேர்ப்பதுதான் நம் பக்கத்து நிலத்துக்குப் பொருத்தமானது.

பாசிக்குடாப் பயணி எழுதியது:

போட்டிகளில் விளையாடும் எண்ணமிருந்தால் விதி ஒன்றையும் அறிந்து வைத்திருங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மைதானத்தில் காற்றின் வேகத்தைக் கருவியால் அளக்கவோ, பவுடர், கைக்குட்டை, நாடா போன்ற செயற்கைப் பொருட்களைக் கொண்டு காற்றின் திசையைப் பார்க்கவோ கூடாது. புல்லைக் கிள்ளித் தூவிப் பார்க்கலாம். வானிலை முன்னறிவிப்பில் உள்ள காற்றின் வேகத்தைத் தெரிந்துகொள்வதற்கும் தடையில்லை.

கருவியின்றி மதிப்பிடுவதற்குப் போபோர்ட் அளவுகோல் உதவும். புழுதியும் கடதாசித் துண்டுகளும் எழும்பிச் சிறு கிளைகள் அசைந்தால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர். இலையடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38 கிலோமீற்றர். பெருங்கிளைகள் அசைந்து, குடையைப் பிடிப்பது சிரமமானால் 39க்கு மேல்.

வாவிக்கரையான் எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சார்பு வேகத்தின் கணக்கைப் பார்த்த பின்புதான் பலம் ஏன் பயனற்றது என்பது தெளிவாகிறது. அக்கரைப்பற்று அண்ணன் ட்ரைவரையும் டீயையும் பற்றி இன்னும் எழுதவில்லை. வலப்பக்க வளைவு எதிர்க்காற்றில் கூடுவதற்கான காரணத்தையும் கூறினால் நல்லது.

அக்கரைப்பற்று வாசி எழுதியது:

தம்பி, டீயை மிகவும் தாழ்த்தாதீர்கள் என்பதே என் கருத்து. தாழ்த்துவதற்குச் சொல்லப்படும் காரணம் பந்து தாழ்வாகப் பறக்கும் என்பது. ஆனால் பந்து தரையோடு இருந்தால் பெரும்பாலானோரின் மட்டை கீழ்நோக்கி இறங்கியே அதனைத் தொடும். அதனால் சுழற்சி கூடும். ட்ரைவரில் சுழற்சியைக் குறைப்பது, மட்டை சமமாகவோ சற்று மேல்நோக்கியோ வந்து, தன் முகத்தின் நடுவில் அல்லது நடுவுக்குச் சற்று மேலே பந்தைத் தொடுவதே. அதற்குப் பந்து வழக்கமான உயரத்தில் இருக்க வேண்டும். மிஞ்சினால் ஒரு விரலின் அகலத்தில் பாதியளவு இறக்கலாம். பிடியை ஓர் அங்குலம் இறக்கி, பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, முகத்தின் நடுவில் படும்படி அடிப்பதையே நோக்கமாகக் கொள்ளுங்கள். தாழ்வான டீயில் சமமாக அடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொருந்தும். அந்தத் திறமை வரும்வரை அதனைப் பின்பற்ற வேண்டாம்.

வளைவுக்கான காரணம் ஆசிரியர் ஐயா முன்பு விளக்கியதுதான். சுழலும் அச்சு வலப்பக்கம் சாய்ந்திருந்தால், மேலே தூக்கும் விசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுக்கிறது. எதிர்க்காற்று அந்த முழு விசையையும் பெருக்குவதனால், காற்றில்லாத நாளில் பெயார்வேயின் (பந்து செல்ல வேண்டிய, புல் வெட்டிய பாதையின்) ஓரத்தில் நின்ற பந்து, கச்சானில் புதருக்குள் போய்விடுகிறது. வீச்சைச் சீர்திருத்துவது வேறு காலத்துக்குரிய வேலை. விளையாடும் நாளில் இடப்பக்கம் தாராளமாகக் குறிவைத்து, வேகத்தைக் குறைத்து அடியுங்கள். வேகம் குறைந்தால் அந்த விசையும் குறையும்.

வந்தாறுமூலைச் சகோதரி எழுதியது:

பயிற்சி செய்யும் இடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். கச்சானுக்கு எதிரே பழக வேண்டுமென்றால் மேற்கு நோக்கித்தான் அடிக்க வேண்டும். ஆகவே கல்லடி போன்ற கடற்கரைகளில் அது வீடுகளையும் வீதியையும் நோக்கி அடிப்பதாகவே முடியும். தம்பி தேர்ந்தெடுத்திருக்கும் படுவான்கரை வட்டை அந்த வகையில் நல்லது. ஆனால் வேளாண்மை இல்லாத காலத்தில் அங்கே மாடுகள் மேயும், அவற்றை மேய்ப்பவர்கள் வரம்போரத்து நிழலில் இருப்பார்கள். தாழ்வாக அடித்த பந்து இறுகிய தரையில் எதிர்பாராத தூரம் ஓடுமாதலால், முன்னால் 250 யார் வரை ஒருவரும் இல்லை என்று நடந்து பார்த்த பின்பே தொடங்குங்கள். ஆவணி மாதத்துக்குப் பின்பு மழைக்கு முந்திய உழவு தொடங்குவதற்குள், விழுந்த பந்துகள் அனைத்தையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அவை உக்காத பொருளால் ஆனவை. மண்ணுக்குள் புதைந்தால் வேளாண்மை வெட்டும் இயந்திரத்துக்குள் அகப்படவும் கூடும்.