இங்கிலாந்து மாணவர் விசா: பணம் கூட்டுறவு சங்கத்துல, அப்பா பேர் மூணு விதமா. யாராவது வழி சொல்லுங்க

எருத்தேம்பதிப் பொண்ணு (ஜூன் 28)

வணக்கங்க. ரெண்டு நாளா சரியாத் தூங்கல. விவரம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுங்க.

எங்க ஊரு பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுல தமிழ், பஞ்சாயத்துக் காகிதம் பூரா மலையாளம், காலேஜ் படிச்சது கோயமுத்தூர்ல. இங்கிலாந்துல லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்துல உணவு அறிவியல் எம்.எஸ்சி. சீட்டு கிடைச்சிருக்கு. ஒரு வருசப் படிப்பு, செப்டம்பர் 21 ஆரம்பம். ஃபீஸ் 18,000 பவுண்டு, அதுல 5,000 கட்டியாச்சு. சிஏஎஸ் எண் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தர்ற சேர்க்கை உறுதி எண்) ஜூலை கடைசியில தர்றதாச் சொல்லியிருக்காங்க.

பணம் இப்படி இருக்குதுங்க: அப்பா பேர்ல எங்க ஊரு சர்வீஸ் கூட்டுறவு சங்கத்துல 12 லட்சம் டெபாசிட். திருப்பூர்ல இருக்கற சித்தப்பா 10 லட்சம் தர்றாரு. அம்மா நகையை வச்சா 7 லட்சம் வரும். சித்தப்பா அவரு அக்கவுண்ட் ஸ்டேட்மென்டையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தாப் போதும்ங்கறாரு. அது செல்லுமா?

அடுத்தது அப்பா பேர். நிஜப் பேரை இங்க போடல, முருகன்னு வச்சுக்கங்க. என் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல முருகனுக்கு நடுவுல இங்கிலீஷ் 'ஜி' எழுத்து. பிறப்புச் சான்றிதழ்ல மலையாளத்தைப் பாத்து எழுதினதால 'கே'. அப்பாவோட பொள்ளாச்சி பேங்க் பாஸ்புக்குல தாத்தா பேரும் சேர்ந்து நீளமா இருக்கு. ஒரே ஆளுதான், மூணு காகிதத்துல மூணு பேரு.

கோயமுத்தூர் ஏஜென்ட் ஒருத்தர், "நாங்களே ஒரு மாசத்துக்குப் பணம் காட்டித் தர்றோம், வட்டி மட்டும் குடுங்க"ன்னு சொல்றாரு. அப்பா அரை மனசா இருக்காரு. எனக்குப் பயமா இருக்குதுங்க.

வேலந்தாவளம்

பயப்படாதீங்க. அப்ளை பண்ற அன்னைக்கு அக்கவுண்ட்ல பணம் இருந்தாப் போதும். என் ஃப்ரெண்டு அப்படித்தான் போனான், பத்தே நாள்ல விசா வந்துச்சு.

லீட்ஸ் தென்னந்தோப்பு

வேலந்தாவளம் தம்பி, அது தப்பு. உங்க ஃப்ரெண்டு கல்விக்கடன் கடிதம் வச்சுப் போயிருப்பாரு, அதுக்கு 28 நாள் கணக்குக் கிடையாது. அக்கவுண்ட்ல இருக்கற பணமா இருந்தா, தொடர்ந்து 28 நாள் நிக்கணும். சராசரி பாக்கறது இல்ல, ஒரே ஒரு நாள் குறைஞ்சாலும் போச்சு.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 2024ல எனக்கு அப்பா அக்கவுண்ட்லதான் பணம். 19ஆவது நாள் டிராக்டர் லோன் தவணை தானாப் போயிருச்சு. மீதி, தேவையான தொகைக்கு நாலாயிரம் ரூபா கீழ. மறுநாளே தேங்கா வித்த காசு வந்து ஏறிருச்சு, அதனால வீட்டுல யாரும் கவனிக்கல. நிராகரிப்புக் கடிதத்துல அந்தத் தேதியையும் அன்னைக்கு இருந்த மீதியையும் பைசா வரைக்கும் எழுதியிருந்தாங்க. நான் அதைக் கையில வச்சுக்கிட்டு, அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கிணத்து மேட்டுலயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அங்கத்த மருத்துவச் சேவைக்கு விசாவோட சேர்த்துக் கட்டற பணம், திரும்ப வந்துச்சு, விசா ஃபீஸ் வரல. செப்டம்பர் விட்டு ஜனவரியிலதான் வந்து சேர்ந்தேன்.

தங்கச்சி, சித்தப்பா கடிதம் செல்லாது. பணம் உன் பேர்ல இருக்கணும், இல்லைன்னா அப்பா அம்மா பேர்ல. சித்தப்பா, மாமா, கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும் அவங்க அக்கவுண்ட் கணக்குல வராது. சித்தப்பா அந்தப் பத்து லட்சத்தை உன் அக்கவுண்டுக்கே அனுப்பட்டும். அங்க 28 நாள் நிக்கட்டும்.

ஏஜென்ட் விஷயம்: வேண்டவே வேண்டாம். பொய்யான ஸ்டேட்மென்ட்னு கண்டுபிடிச்சா அந்த விசா மட்டும் போகாது, பத்து வருசம் தடை விழலாம். உன் பேரு, உன் பாஸ்போர்ட். ஏஜென்ட் வேற ஆளைத் தேடிப் போயிருவாரு.

ஓய்வுபெற்ற பேங்க்காரர்

கண்ணு, முப்பது வருசம் பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்தவன் சொல்றேன். முதல்ல எவ்வளவு வேணும்னு கணக்குப் போடு. மீதி ஃபீஸ் 13,000 பவுண்டு. செலவுக்கு, லண்டனுக்கு வெளியே மாசம் 1,171 பவுண்டு வீதம் 9 மாசத்துக்குக் காட்டணும். 2025 நவம்பர் 11ல இருந்து இதுதான் தொகை. அதுக்கு முன்னால 1,136 இருந்துச்சு, பழைய பதிவுகளைப் படிச்சு ஏமாந்துராதே. லண்டன்னா 1,529. உனக்கு 10,539 ஆகுது. ரெண்டும் சேர்ந்து 23,539 பவுண்டு.

பவுண்டு 120 ரூபான்னு வச்சா 28 லட்சத்து 24 ஆயிரம் சொச்சம். 125ன்னு வச்சா 29 லட்சத்து 42 ஆயிரம். நீ அப்ளை பண்ற நாள் ரேட்டை ஓவாண்டாங்கற தளத்துல பாத்துத்தான் அவங்க மாத்துவாங்க. நம்ம பேங்க் ரேட்டு செல்லாது. உன் 29 லட்சம் விளிம்புல நிக்குது. ரேட்டு ஏறினா விழுந்துரும். முப்பது லட்சமாவது வச்சுக்கோ. முடியலைன்னா இன்னொரு தவணை ஃபீஸ் இப்பவே கட்டிட்டு, சிஏஎஸ்ல அதை ஏத்தச் சொல்லு. கட்டின ஃபீஸ், காட்ட வேண்டிய தொகையில கழியும்.

சங்கத்து டெபாசிட்டைப் பத்தி உன் அப்பாவை உட்கார வச்சுப் பேசு. நம்ம ஊர்ல சர்வீஸ் சகரண (கூட்டுறவு) பேங்க்னு போர்டு வச்சிருப்பாங்க. ஆனா அந்த மாதிரி தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களுக்கு ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் கிடையாது. பேங்க்ங்கற வார்த்தையை அவங்க பேர்ல போடக் கூடாதுன்னே 2021ல ரிசர்வ் பேங்க் அறிவிச்சுச்சு. பிரிட்டன் விதியில, முறையான கட்டுப்பாட்டுல இருக்கற, கணக்குகளைக் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கற, அவங்களால சரிபார்க்க முடிஞ்ச நிறுவனத்துப் பணம்தான் ஏத்துக்குவாங்க. சங்கத்து ரசீதை நம்பாதே. டெபாசிட்டை உடைச்சு, பேங்க் அக்கவுண்டுக்கு மாத்து. வட்டி கொஞ்சம் போகும், போகட்டும்.

நகைக்கடன் பணம் அக்கவுண்டுக்கு வந்து நிக்கலாம். பெரிய தொகை திடீர்னு ஏறினா எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்க இடமுண்டு. அடகுச் சீட்டு, டெபாசிட் முடிச்ச ரசீது, சித்தப்பா அனுப்பின விவரம் மூணையும் ஒரே கவர்ல போட்டு வை. ஓவர்டிராஃப்ட், கிரெடிட் கார்டு, ஷேர் இதெல்லாம் சேராது.

எருத்தேம்பதிப் பொண்ணு

ஐயா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. சங்கத்து விஷயம் எங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. அப்பா இன்னைக்குப் போய்க் கேட்டாரு. ஒரேயடியாத் தர முடியாது, ரெண்டு தவணையா ஜூலை 3ஆம் தேதிக்குள்ள தர்றோம்னு சொல்லியிருக்காங்க. முதல் தவணை வந்த நாள்ல இருந்தே 28 நாள் எண்ணலாமா? கல்விக்கடனும் கேட்டுப் பாத்தோம். தோப்பு கேரளாவுல இருக்கு, பத்திரம் மலையாளத்துல இருக்குன்னு எல்லைக்கு அந்தப் பக்கத்து பிராஞ்ச்ல இழுக்கறாங்க.

ஓய்வுபெற்ற பேங்க்காரர்

முழுத் தொகை சேர்ந்த நாள்தான் முதல் நாள். உன் அக்கவுண்டும் அப்பா அம்மா அக்கவுண்டும் சேர்த்துக் காட்டலாம், ஆனா தினமும் மொத்தம் குறையக் கூடாது. ஜூலை 6ல முழுசும் ஏறினா ஆகஸ்ட் 2 தான் 28ஆவது நாள். ஸ்டேட்மென்ட் முடியற தேதியில இருந்து 31 நாளுக்குள்ள அப்ளிகேஷன் போட்டிரணும். வெளிநாட்டுல இருந்து போடற மாணவர் விசாவுக்குப் பொதுவா மூணு வாரம்னு சொல்றாங்க. ஆகஸ்ட் முதல் வாரம் போட்டா உனக்குக் காலம் இருக்கு.

கல்விக்கடனை அடியோட விட்டுராதே. கடிதம் உன் பேர்ல, ஆறு மாசத்துக்கு உள்ள தேதி போட்டு வந்தா 28 நாள் தொல்லை இல்ல. ஆனா ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேட்பாங்க, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துன்னு நாள் ஓடிரும். தோப்பு கேரளாவுல இருந்தா கேரளா பிராஞ்ச்ல கேக்கறதுதான் முறை.

பொள்ளாச்சி அக்கா

பேர் விஷயத்தை யாரும் தொடலியே, நான் சொல்றேன். அப்பா பணத்தைக் காட்டும்போது ரெண்டு காகிதம் கட்டாயம். அவரு உன் அப்பாதான்னு காட்டற பிறப்புச் சான்றிதழ். பணத்தை உன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம்னு அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம். சான்றிதழ்ல ஒரு பேரும் ஸ்டேட்மென்ட்ல வேற பேரும் இருந்தா, அங்க உட்கார்ந்திருக்கறவருக்கு அது ரெண்டு ஆளு. முருகனுக்கு 'கே' போட்டாலும் நம்ம காதுக்கு முருகன்தான். அவருக்கு அது தெரியாது.

உங்க பக்கத்துல இதுக்குன்னே வழி இருக்கு கண்ணு. வில்லேஜ் ஆபீஸ்ல "ஒன் அண்ட் த சேம்" சான்றிதழ்னு தருவாங்க, இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒரே ஆளுன்னு. அக்ஷயா மையத்துல (கேரளாவோட இ-சேவை மையம்) போய் இ-டிஸ்ட்ரிக்ட் தளத்துல அப்ளை பண்ணு. மூணு பேரையும் எழுத்து மாறாம, காகிதத்துல இருக்கற மாதிரியே எழுதிக் கொடு. அங்க இருக்கற பிள்ளை மலையாளத்துல டைப் பண்ணித் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டு போகும்போது நாலாவதா ஒரு பேரு பிறந்துரும். ஸ்கிரீனை எட்டிப் பாத்து ஒவ்வொரு எழுத்தாச் சரிபார்த்துட்டுத்தான் சமர்ப்பிக்கச் சொல்லணும். என் அண்ணன் மகளுக்கு அப்படி ஆகி, ரெண்டாவது தடவை அலைஞ்சோம்.

பேங்க்லயும் அப்பா பேரை பாஸ்போர்ட் பக்கத்துல இருக்கற மாதிரி மாத்த மனு கொடுங்க. மலையாளத்துல மட்டும் இருக்கற எந்தக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பு சேர்க்கணும். மொழிபெயர்த்தவர், இது சரியான மொழிபெயர்ப்புன்னு எழுதி, தேதி, முழுப் பேரு, கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் போடணும். சிஏஎஸ் வந்ததும் உன் பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் சரியான்னு அன்னைக்கே பாரு. தப்பு இருந்தா பல்கலைக்கழகம்தான் திருத்தணும்.

மீனாட்சிபுரம் மெட்டீரியல்

இடையில ஒரு சந்தேகங்க. எனக்கு மெட்டீரியல் இன்ஜினியரிங்ல எம்.எஸ்சி. ஆஃபர் லெட்டர்ல ஏடிஏஎஸ்னு ஒண்ணு கேட்டிருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு அது வேண்டாமா?

லீட்ஸ் தென்னந்தோப்பு

உணவு அறிவியலுக்குப் பெரும்பாலும் கேட்க மாட்டாங்க, அவங்க ஆஃபர் லெட்டர்லயே தெரியும். உங்களுக்குக் கண்டிப்பா வேணும். ஆயுதத் தொழில்நுட்பத்துக்குப் பயன்படக் கூடிய சில பாடங்களுக்கு இந்தியர்கள் அந்த அனுமதி வாங்கணும். கட்டணம் இல்ல, ஆனா 30 வேலை நாளுக்குக் குறையாம ஆகும். இன்னைக்கே போடுங்க, அது இல்லாம விசா அப்ளிகேஷன் போடவே முடியாது.

தங்கச்சி, டிபி (காசநோய்) டெஸ்ட்டை மறந்துராதே. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில எடுத்த எக்ஸ்ரே செல்லாது. பிரிட்டன் அரசு பட்டியல்ல இருக்கற மையத்துல எடுத்ததுதான் செல்லும். நான் சென்னை போய் எடுத்தேன். ஆறு மாசம் செல்லும், அதனால இப்பவே எடுத்துரலாம். பணத்தைச் சேர்க்கும்போது ஹெல்த் சர்சார்ஜையும் தனியா ஒதுக்கு. வருசத்துக்கு 776 பவுண்டு. உன் விசா படிப்புக்கு மேல சில மாசம் நீளறதால ஒன்றரை வருசக் கணக்கு, 1,164 கட்டச் சொல்லும். காட்டற பணத்துல இருந்து அதை எடுத்துராதே, 28 நாளுக்குள்ள கை வச்சா என் கதைதான்.

படிச்சு முடிச்ச பிறகு அங்கேயே தங்கறதுக்குக் கிடைக்கற கிராஜுவேட் விசாவையும் அப்பாகிட்ட நேராச் சொல்லிரு. 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ரெண்டு வருசம் இல்ல, 18 மாசம்தான். நீ அந்தக் கணக்குலதான் வருவே. படிக்கறப்ப வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அதை நம்பி நகையை மீட்கக் கணக்குப் போடாதீங்க.

வேலந்தாவளம்

அண்ணா, ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். நீங்க சொன்ன மாதிரி கல்விக்கடன் கடிதம்தான் வச்சிருந்தானாம். தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க அக்கா.

எருத்தேம்பதிப் பொண்ணு (ஜூலை 15)

எல்லாருக்கும் நன்றிங்க, இதுவரைக்கும் நடந்ததைச் சொல்லிர்றேன்.

ஏஜென்ட்கிட்ட அப்பாவே போன்ல வேண்டாம்னு சொல்லிட்டாரு. சங்கத்துப் பணம் சொன்ன தேதிக்கு வந்துச்சு. சித்தப்பா பத்துக்குப் பதிலா பதினொண்ணு அனுப்பினாரு. ஜூலை 6ஆம் தேதி சாயந்திரம் மூணு அக்கவுண்டும் சேர்ந்து முப்பது லட்சம் தாண்டுச்சு. அம்மா காலண்டர்ல அன்னைக்கு மஞ்சள் வச்சு, ஆகஸ்ட் 2ல இன்னொரு பொட்டு வச்சிருக்காங்க. இன்னைக்குப் பத்தாவது நாள்.

பேங்க்ல போய் அப்பாவோட அக்கவுண்ட்ல தானாப் போற தவணை எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டோம். 20ஆம் தேதி எல்ஐசி பிரீமியம் ஒண்ணு இருந்துச்சு, எங்களுக்கே ஞாபகம் இல்ல. அதை வேற அக்கவுண்டுக்கு மாத்தியாச்சு.

வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ் நேத்து வந்துச்சு. மூணு பேரும் சரியா இருக்கு, அக்கா சொன்ன மாதிரி அக்ஷயாவுல பக்கத்துலயே நின்னு பாத்தேன். ரெண்டாவது வரியில 'ஜி'க்குப் பதிலா 'கே' விழுந்துருந்துச்சு, உடனே மாத்தச் சொன்னேன். பேங்க்ல பேர் மாத்தற மனு மட்டும் இன்னும் நிக்குது. ஆகஸ்ட் 2க்கு முன்னால பேர் மாறினா, ஸ்டேட்மென்ட்ல பாதி பழைய பேர்லயும் பாதி புதுப் பேர்லயும் வருமோன்னு ஒரு சந்தேகம் இருக்குதுங்க ஐயா.

ஓய்வுபெற்ற பேங்க்காரர்

அப்படி வராது கண்ணு. ஸ்டேட்மென்ட் எடுக்கற அன்னைக்கு என்ன பேரு இருக்கோ, அதுதான் மேல அச்சாகும். ஆகஸ்ட் 3 காலையில பிராஞ்சுக்குப் போய், சீல் கையெழுத்தோட வாங்குங்க. பேர் மாத்தினதுக்கு பேங்க் தர்ற கடிதத்தையும் கேட்டு வாங்கி, வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழோட சேர்த்து வை. ஸ்டேட்மென்ட் ஜூலை 6ல இருந்து ஆரம்பிக்குதான்னு கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாலயே பாத்துக்கோ.