சாமியாடுகிற ஆச்சிக்குத் தடுப்பூசி: வழி சொல்லுங்க

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். ஆச்சிக்கு வயது 71, இருபது வருடச் சர்க்கரை. 60 தாண்டியவர்களுக்கு மார்ச் 1 முதல் கொரோனா ஊசி போடுகிறார்கள். இப்போது ஜூன் 2021 பாதி போயாச்சு, ஆச்சி ஒரு டோஸ்கூடப் போடவில்லை.

அம்மன் கொடையில் சாமியாடுகிறவள். "ஆத்தா இறங்குத உடம்புல அதை ஏத்தப்பிடாது" என்கிறாள். இன்சுலின் மட்டும் தினமும் ஏறுகிறது!

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பேசினார். தலையாட்டிவிட்டு, மறுநாள் முகாமுக்குக் கிளம்பவில்லை. மாமா சத்தம் போட்டார்; ஆச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நடிகர் விவேக் ஊசி போட்ட பிறகு இறந்ததுதான் அவளுக்குப் பெரிய பயம். அது மாரடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னதைச் சொன்னேன். ம்ஹூம். கடைசியாக, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பை அவள் கையிலேயே காட்டினேன். "அது ஆத்தாளே சம்மதிச்சது" என்று ஒரே போடு.

கோவிஷீல்டு என்றால் இரண்டாவது டோஸுக்கு 84 நாள் ஆகும், அதனால் இன்னும் தள்ளிப்போட முடியாது.

பூசாரியை வைத்து அம்மனிடம் உத்தரவு கேட்டு, இப்படிப்பட்ட பெரியவர்களை ஊசிக்குச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்?