புதுப்பிப்பு: சாந்தியாகோ நடை முடிந்தது, ஊன்றுகோல்கள் கைமாறின

ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை நடந்தபின் மடக்கு ஊன்றுகோல்களை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தங்கும் விடுதியிலேயே கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அங்கிருந்து கடலோர ஊரான ஃபினிஸ்தெர்ரே வரை மேலும் சுமார் 90 கி.மீ. நடப்பவர்களுக்காக விடுதிப் பொறுப்பாளர் வாங்கிக்கொண்டார்.

எதிர்பாராதது ரப்பர் முனைதான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடியில் கோலின் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை அதைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஈரக் கல்தரையில் அது வழுக்கும். புது ஜோடி மாட்டியே கொடுத்தேன்.

ஒரு கோல் அழுத்தினால் உள்ளே இறங்கியது. கோலின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் நெம்புப் பூட்டின் திருகைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. நடை முடிந்ததும் கோலின் துண்டுகளைக் கழற்றித் துடைத்து, ஓர் இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் அலுமினியக் குழாய் உப்புப் பூத்து இறுகிவிடும். எண்ணெய் மட்டும் வேண்டாம், பூட்டு பிடிக்காது.