இறுதிப்போட்டி என்றால் உங்களுக்கு எந்த இரண்டு ஊர்?

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்:
கேரள எல்லையில் எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். கிரிக்கெட்டுக்குச் சென்னை, ஃபுட்பாலுக்குக் கொச்சி, இரண்டுமே மஞ்சள் சட்டை என்பதால் சிக்கல் இல்லை. லீக் ஆட்டங்களை விடுங்க, கோப்பைக்காகவே இரண்டு ஊர் அணிகள் திரும்பத் திரும்ப மோதியதில் உங்களால் மறக்க முடியாதது எது? என் ஓட்டு ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சென்னை - மும்பைக்குத்தான். 2010, 2013, 2015, 2019 என்று நாலு இறுதிப்போட்டி, முதலாவது மட்டும்தான் நமக்கு.

வேலந்தாவளம் பாய்:
அதில் சந்தேகமே வேண்டாம் தம்பி. 2010-இல் பொல்லார்டு 10 பந்தில் 27 அடித்து ஆட்டத்தைப் பிடுங்கப் பார்த்தபோது, தோனி ஹேடனைப் பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார், பந்து நேரா அவர் கைக்கே போச்சு. ஆனா நெஞ்சில் நிற்பது 2019 ஹைதராபாத்தான். மலிங்காவின் ஒரே ஓவரில் 20 ரன் அடித்திருந்தோம், அதனால் கடைசி ஓவரை மறுபடி அவரிடமே கொடுத்ததும் கோப்பை நமக்குத்தான் என்று நினைத்தேன். 9 ரன் வேணும். வாட்சன் முழங்கால் ரத்தம் பேண்ட்டில் ஊறித் தெரியுது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறார். நாலாவது பந்தில் 80-இல் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை, தாக்கூர் எல்பிடபிள்யூ. 149-க்கு 148. அந்த மெதுவான யார்க்கரை இப்போ போட்டாலும் என்னால் பார்க்க முடியாது.

மூணாறு டிரிபிள்ஸ்:
பாஸ்கெட்பால் பக்கமும் வாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ். லேக்கர்ஸ் மினியாபொலிஸில் இருந்த 1959-லிருந்து 1984 வரைக்கும் எட்டு இறுதி, எட்டிலும் பாஸ்டன்தான். 1969-இல் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில், ஜெயித்ததும் கொட்டுவதற்கென்று அரங்கத்து மேற்கூரையில் பலூன்களை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். பாஸ்டன் 108-106 என்று ஜெயித்தது, பலூன் மேலேயே இருந்தது. தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குத்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. கடைசியில் 1985-இல் லேக்கர்ஸ் பாஸ்டன் மண்ணிலேயே போய் ஜெயித்தார்கள்.

சித்தூர் பெனால்ட்டி:
இறுதிப்போட்டி எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஐ.எஸ்.எல். ஃபுட்பாலில் கொச்சி - கொல்கத்தா சின்னது, இரண்டே இரண்டுதான். எனக்கு அது போதும். 2014-இல் மும்பைப் பக்கம் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் கூடுதல் நேரத்துக்குப் போகப் போகிறது என்று நினைக்கும்போது, மாற்று ஆட்டக்காரராக வந்த முகமது ரஃபீக் தலையால் முட்டிக் கொல்கத்தாவுக்கு 1-0. அன்னைக்கு நம்ம பக்கம் ஆடியவர் இயன் ஹ்யூம், மலையாளிகளின் ஹ்யூமேட்டன், அதாவது ஹ்யூம் அண்ணன். 2016-இல் கலூர் ஸ்டேடியத்தில் மறுபடி அதே இரண்டு அணி, ஆனா ஹ்யூம் இப்போ கொல்கத்தா சட்டையில், ரஃபீக் நம்ம சட்டையில்! நம்ம முகமது ராஃபி கார்னரிலிருந்து தலையால் அடித்த கோலுக்கு அரங்கமே அதிர்ந்தது, ஏழே நிமிஷத்தில் கொல்கத்தாவின் செரெனோ சமன் செய்துவிட்டார். பெனால்ட்டியில் ஹ்யூம் அடித்ததை நம்ம கோல்கீப்பர் ஸ்டாக் தடுத்தார், ரஃபீக் தன்னுடையதைச் சரியா போட்டார், இதற்கு மேல் என்ன வேணும்? ஆனா நம்ம இந்தோய் கம்பிக்கு மேலே அடித்தார், நம்ம ஹெங்பார்ட் அடித்தது கொல்கத்தா கோல்கீப்பர் தேப்ஜித்தின் காலில் பட்டுத் திரும்பியது, 4-3. சொந்த ஊரில், மஞ்சள் கடல் நடுவில் கொல்கத்தாக்காரன் கோப்பையைத் தூக்கினான். சென்னைக்கு ஆறுதல் சொல்லக் கோப்பைகள் இருக்கு அண்ணா, எங்களுக்கு அதுகூட இல்லை.

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்:
ஹ்யூம், ரஃபீக் இடம் மாறியதை நான் சேர்த்து யோசிச்சதே இல்லை. இன்னொன்னும் தோணுது: 2010-இல் நமக்கு எதிரா மும்பை கேப்டனா 48 அடித்த டெண்டுல்கர்தான் அந்த இரண்டு இறுதிப்போட்டியின்போதும் கொச்சி அணியின் பங்குதாரராக இருந்தார், எதிரே கொல்கத்தாவுக்கு கங்குலி. சரி, கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்த 2022 இறுதிப்போட்டி பற்றி யாராவது எழுதுங்க. ஹைதராபாத்தோட அந்தப் பெனால்ட்டியில் அவங்க கோல்கீப்பர் கட்டிமணி தடுத்த மூன்றைப் பற்றி என்னால் எழுத முடியாது.